உலகத்தின் புறவாசல்

குனோங் ராபாட் மலையடித் தோட்டம்,
ஈப்போ, பேராக்.
சுபானு வருஷம், சித்திரை மாதக் கடைசி.
(எங்களைப் புதிதாக ஆள வந்தவர்கள் கணக்கில் 2603.)

நாகப்பட்டினம் கடற்கரைத் தெருவில் தலைவாசல் வீட்டில் வாழும் பெரியப்பா கார்த்திகேசு அவர்களுக்கு, தாங்கள் ஒருபோதும் பார்த்திராத தம்பி மகள் நவமணி பாதம் தொட்டு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் நலம். அங்கே தாங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்களாக. கடிதம் என்றால் இந்த இரண்டையும் முதலில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், எழுதிவிட்டேன். முதலாவது உண்மையில்லை. இரண்டாவது உண்மையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஜப்பான்காரர்கள் வந்ததிலிருந்து இந்தியாவுக்குத் தபால் கப்பல் கிடையாது. ஆகவே இந்தக் கடிதம் ஓர் ஆளின் சட்டை மடிப்புக்குள் தைக்கப்பட்டு வருகிறது. தங்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு எதிரே நிற்பவரைத் தயவுசெய்து நிமிர்ந்து பாருங்கள். அவர் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு நிற்பார், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அவர்தான் தங்கள் தம்பி ஐயாவு. முப்பது வருஷத் தோட்டத்து வெயிலும் ஒன்றரை வருஷ மரவள்ளிக் கிழங்கும் சேர்ந்து அவரை இப்படி ஆக்கியிருக்கின்றன, மற்றபடி பழைய ஆள்தான். “நலம் விசாரிச்சு நாலு வரி எழுதிக் குடு மணி, அது போதும்” என்று சொன்னார். நாலு வரியில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தாத்தாவின் கருமாதி முடிந்த கையோடு வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தீர்களாமே. மூத்தவர் என்ற முறையில் கடலைப் பார்த்த தலைவாசல் தங்களுக்கு வந்தது, சாக்கடைச் சந்தைப் பார்த்த புறவாசல் அப்பாவுக்கு வந்தது. “எனக்குப் புறவாசல்தான? சரி, ஒலகத்தோட புறவாசலுக்கே போறேன். இனிமே ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன், என் முதுகத்தான் நீ பாப்பே” என்று அப்பா சத்தியம் செய்தது தங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரிந்திருக்காது. துறைமுகத்துக்குப் போய் டிக்கெட் தரகரிடம் உலகத்திலேயே தூரமான ஊருக்கு ஒரு சீட்டுக் கேட்டிருக்கிறார். கப்பல் பினாங்குக்குத்தான் போகிறது, தரகர் அதற்குக் கொடுத்தார். அப்பா நம்பிவிட்டார். இறங்கி, பேராக்குக்கு வந்து, ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகி, எந்த வீட்டில் குடியிருந்தாலும் நாற்காலியைத் தாங்கள் இருக்கும் மேற்கே முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார். சாப்பிடுவது, எழுதுவது, சவரம் செய்வது எல்லாம் கிழக்கே பார்த்துத்தான். தோட்டத்தில் அவரைப் பெரிய ஆசாரசீலர் என்று நினைத்தார்கள். கோயிலில் அம்மன் கிழக்கே பார்த்து நிற்பதால் கும்பிடுகிறவர் மேற்கே பார்த்தாக வேண்டும். அப்பா பக்கவாட்டில் நின்று தோளால் கும்பிடுவார். எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்ட ஒரே புகைப்படத்தில் அம்மா கேமராவைப் பார்க்கிறாள், நான் கேமராவைப் பார்க்கிறேன், அப்பா கிழக்கைப் பார்க்கிறார். அம்மா சாகும்வரை, “உங்க அண்ணனுக்கு முதுகக் காட்டுறேன்னு எனக்குத் தோளக் காட்டியே காலத்த ஓட்டிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படியே இருந்திருந்தால் தொல்லையில்லை. யுத்தம் வந்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனதும், பங்களாவில் இருந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். குளிக்கும் தொட்டியைக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தூக்கிப் போய் மரவள்ளி மாவு கரைத்தார்கள். ஜன்னல் திரைகள் பூப்போட்ட ரவிக்கைகளாயின. நான் அலமாரியிலிருந்து கை கொண்ட மட்டும் புத்தகங்களை எடுத்து வந்தேன். பிறகு ஜப்பான்காரர்களுக்குப் பயந்து ஒவ்வொன்றாகப் படித்து, படித்ததை அடுப்பில் வைத்தேன். அப்பா எடுத்துக்கொண்டது ஓர் உலக உருண்டை. வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலிக்கு எதிரே வைத்து, “நாகப்பட்டினம் எங்க மணி?” என்று கேட்டார். காட்டினேன். “நாம எங்க?” காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் விரல்களைக் கிடத்திப் பார்த்தார். மூன்று விரல். கையை மாற்றி இடது கை விரல்களால் பார்த்தார். அப்போதும் மூன்றுதான்.

“இந்த உருண்டையச் சின்னதாச் செஞ்சிருக்கான்.”

“எந்த உருண்டையில பாத்தாலும் இப்பிடித்தாம்பா இருக்கும்.”

“முப்பது வருஷமா மூணு வெரலு தூரத்துலயா உக்காந்திருக்கேன்? அவன் இருமுனாக்கூட எனக்குக் கேட்டிருக்குமே!”

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்ததும், “நாகப்பட்டினத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் எதுன்னு கண்டுபிடி. அதவிட ஒரு அடி கூடத் தூரம் போக முடியாத எடம். ஒலகத்துல அப்பிடி ஒண்ணு இருந்துதான ஆவணும்?” என்றார்.

இருக்கத்தான் செய்கிறது, பெரியப்பா. கான்வென்டில் கன்னிகாஸ்திரி சொல்லிக் கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. வடக்கே எத்தனை பாகையோ தெற்கே அத்தனை பாகை. கிழக்குப் பாகையை நூற்றெண்பதில் கழித்து மேற்கு என்று சொல்லிவிட வேண்டும். தெற்கே பத்தே முக்கால், மேற்கே நூறு. ஆனாலும் கணக்கை மட்டும் நம்பாமல் நூலாலும் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் நூலைப் பிடித்து உருண்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, அதைச் சரிபாதியாக மடித்தால் மடிப்பு விழும் இடம் எதிர்ப்பக்கம். துருவங்கள் வழியாகச் சுற்றினேன், ஆப்பிரிக்கா வழியாகச் சுற்றினேன், சீனா வழியாகச் சாய்வாகச் சுற்றினேன். எந்த வழியில் போனாலும் மடிப்பு அதே இடத்தில் விழுந்தது. அங்கே ஒன்றுமில்லை. பெரு தேசத்துக்கு மேற்கே, கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில், வெறும் நீலம். ஒரு தீவின் பெயர்கூட அச்சடிக்கவில்லை. அதன் மேல் விரலை வைத்தபோது அந்த இடம் மட்டும் குளிர்ந்திருப்பது போல் இருந்தது. காகிதம் ஓரிடத்தில் மட்டும் குளிராது என்று தெரிந்தும் விரலை எடுத்துவிட்டேன்.

“உக்கார ஒரு கல்லுகூடக் கெடையாதா?” என்றார் அப்பா.

“கடல்தாம்பா.”

“கப்பலு நங்கூரம் போட்டு நிக்கலாமில்ல?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பாதி கட்டிவிட்டுப் போன சொந்த வீட்டைப் பார்ப்பது போல.

அப்புறம் உத்தரவு வந்தது. ரேடியோவோ தேசப்படமோ வைத்திருப்பவன் வேவுகாரன் என்று. ஈப்போவில் ஒரு கடைக்காரர் பழைய பள்ளிக்கூட அட்லஸ் தாளில் பாக்கு மடித்துக் கொடுத்தார் என்று பிடித்துப் போனார்கள். தாளில் இருந்தது ஆஸ்திரேலியா. அவர் திரும்பி வந்தபோது விரல்களில் நகம் இல்லை. தேசப்படத்தின் ஒரு தாளுக்கே இப்படியென்றால் முழு உலகத்துக்கு என்ன என்று அப்பாவைக் கேட்டேன். உருண்டையைக் கிணற்றில் போட்டால் மிதக்கும், எரித்தாலும் புதைத்தாலும் அந்தப் புள்ளி போய்விடும் என்று அப்பா விடவில்லை. கடைசியில் அவருக்கே ஒரு யோசனை வந்தது. மலையடிக் காளவாயிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து உருண்டை முழுக்கப் பூசினார். செங்கல் பொடியைக் குழைத்துப் பூதத்தின் வாயும் நாக்கும் வரைந்தார். ரோட்டுத் தாரால் மீசை, புருவம், இரண்டு கண்கள். துருவத்து ஓட்டையில் தேங்காய்நார்க் கயிற்றைக் கோத்து முன்வாசல் உத்தரத்தில் தொங்கவிட்டார். கண்ணேறு கழிக்கத் தொங்கும் பூசணிக்காயை எந்தச் சிப்பாய் சந்தேகப்படப் போகிறான்? வலது கண்ணின் கருவிழியை மட்டும் என்னைக் கேட்டு, அளந்து, சரியாக அந்தப் புள்ளியின் மேல் வைத்தார், அது தொலைந்துவிடக் கூடாதாம். ஆக, எங்கள் பூதம் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் பின்மண்டையில், சுண்ணாம்புக்கு அடியில், தாங்கள் இருந்தீர்கள். அந்தப் புள்ளி பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் அந்தக் கண் சற்றே தாழ்ந்து, கீழே நிற்கும் ஆளைப் பார்ப்பது போல் அமைந்துவிட்டது. அப்பா அப்படித் திட்டமிட்டுச் செய்யவில்லை. பூகோளம் அப்படி.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கீழே இரண்டு வரிசை லயங்கள், கடைசியில் கங்காணி பழனியப்பனின் தகரக் கூரை வீடு. எங்கள் வாசலில் நின்றால் எல்லா வாசலும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மாதம்தான் வடக்கே சயாம் தேசத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம், பர்மா வரைக்கும். முதல் லோரி வந்த அன்று கங்காணி ஏற்றிவிட்ட முதல் ஆள் பிச்சைமுத்து. மத்தியானம் அவர் மனைவி செல்லாயி எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். மத்தியானம் என்று கடிகாரம்தான் சொல்லிற்று. இப்போது எங்கள் கடிகாரங்கள் எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஓடுகின்றன, பன்னிரண்டு அடித்தபோதும் அவள் நிழல் காலடிக்கு வந்து சேராமல் பக்கத்தில் நீளமாகக் கிடந்தது. அவள் அழவில்லை. பூதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “தங்கச்சி, இது நேத்திலேருந்து எந்த வாசலப் பாக்குது தெரியுமா?” என்றாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு நேரே இருந்தது அவள் வாசல்.

நார்க் கயிறு ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், காய்ந்தால் பிரியும், அதனால் உருண்டை திரும்புகிறது என்று நான் விளக்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த லோரி வருவதற்குள் பூதம் குழாயடி வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. குழாயடி வீட்டு ஆள் போனார். அதற்கடுத்து வாழைமரத்து வீடு. அவ்வளவுதான், என் கயிறு விளக்கத்தை யாரும் சீந்தவில்லை. பூதத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வந்தது, கற்பூரம் கிடைக்காததால் ரப்பர்ப் பால் தோய்த்த திரி எரிந்தது, யாரோ பாதி குடித்த சுருட்டு வைத்தார்கள். தாங்கள் வாழும் ஊரின் பின்பக்கத்துக்கு இங்கே மரவள்ளிக் கிழங்கு படையலாயிற்று. ஒரு குடும்பம் முன்கதவைப் பலகை அடித்து மூடிவிட்டு, பின்சுவரை உடைத்துப் புறவாசல் வைத்துக்கொண்டது. பகலில் யாரும் வாசலில் நிற்பதில்லை. லயத்தில் ஒரு குழந்தை அழுதாலும் உள்ளே அழுகிற சத்தம்தான் கேட்கும். தோட்டம் முழுக்கப் பாலுக்குச் சீவாத ரப்பர் மரங்கள், நடுவில் ஆள் நடமாட்டமில்லாத இரண்டு வரிசை வீடுகள், மேட்டில் அந்தக் கண். நான் என் சொந்த வீட்டு வாசலைக் குனிந்து கடக்கத் தொடங்கினேன்.

எல்லோரும் மரவள்ளிக் காட்டுக்குப் போன ஒரு காலையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது உண்மை தெரிந்தது. குழாயடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி விறகு பொறுக்குகிறவளைப் போல வந்தாள், பூதத்தைச் சுண்டுவிரலால் கொஞ்சம் தள்ளினாள், போய்விட்டாள். சற்று நேரத்தில் எதிர் வரிசைக் கிழவர் வந்தார், கும்பிட்டார், கொஞ்சம் தள்ளினார். அப்புறம் இன்னொருவர். அவரவர் வாசலிலிருந்து விலகும் அளவுக்குத்தான் தள்ளினார்கள். யார் வாசலில் போய் நிற்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது அவர்களுக்கு நல்லதாகவும் இருந்திருக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கண்ணைத் திருப்புவது மனிதர்கள், சரி. அந்தக் கண் பார்த்த வீட்டு ஆள் மட்டும் தவறாமல் போவது எப்படி? கங்காணி கிழங்குக் கணக்குக்கு வந்தபோது அப்பா நேராகக் கேட்டுவிட்டார். “பழனியப்பன், எப்பிடி ஆள் பொறுக்குறீங்க?”

கங்காணி அதிர்ச்சியோடு மேலே பார்த்தார். “நா எங்க பொறுக்குறேன் கிராணியாரே? ஜப்பான்காரன் ஆளு குடு, ஆளு குடுன்னு கழுத்துல நிக்கிறான். நானா ஒரு பேரச் சொன்னா நாளைக்கி அவன் பொண்டாட்டி என் மூஞ்சில மண்ணள்ளி வீசுவா. கண்ணு பாக்குது, நா கூட்டிக்கிட்டுப் போறேன். இதுல என் பாவம் ஒண்ணும் இல்ல லா. கண்ணு பாத்துட்டா பாத்ததுதான்.”

அப்பா எழுந்து நேராகப் போய்க் கயிற்றில் கை வைத்தார். கங்காணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “எறக்கிப்புடாதீங்க! எறக்குனா அப்பறம் நானில்ல வாயத் தொறந்து சொல்லணும்!” அப்பாவின் கை கீழே வந்தது. இறக்கினால் வைக்க இடமில்லை, கழுவினால் உலகம் தெரியும், உலகம் தெரிந்தால் நகம் போகும். தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, விரல் நுனிகளில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கிழக்கே பார்த்து.

“அந்த எதிர்ப்பக்கத்துக்கே போயிருக்கணும் மணி. அங்க போயி அவனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா இதெல்லாம் என் கையால நடந்திருக்காது.”

“அங்க போனா பெரியப்பாவுக்கு முதுகே காட்ட முடியாதுப்பா” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நூல் சுற்றிய நாளிலிருந்து எனக்குள் இருந்த ஒன்று அது. பக்கத்து ஊர்த் தம்பூனிலிருந்து வந்த பம்ப்ளிமாஸ் பழம் ஒன்று மேசையில் இருந்தது. காம்பு நாகப்பட்டினம், அடிப்புள்ளி அந்தக் கடல். அடிப்புள்ளியில் ஒரு முள்ளைக் குத்தி, இதுதான் நீங்கள் என்றேன்.

“வடக்க பாத்து உக்காந்தா?”

நூலை வைத்துக் காட்டினேன். “நேரா போயி நாகப்பட்டினம்.”

“தெக்க?”

“அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு நாகப்பட்டினம்.”

“கெழக்க? எனக்குக் கெழக்கதான பழக்கம்?”

“எந்தப் பக்கம் திரும்புனாலும் அதே தூரம், நேரா நாகப்பட்டினம். ஒலகத்துல அந்த ஒரு எடத்துலதாம்பா எங்க பாத்தாலும் பெரியப்பா மொகந்தான்.”

அப்பா பழத்தை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். “கண்ண மூடிக்கிட்டா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள், நிழல் இன்னும் நீளமாக இருந்த அந்தப் பொய்ப் பன்னிரண்டு மணிக்கு நான் கிணற்றடியிலிருந்து வந்தேன். பூதம் எங்கள் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்ந்த அந்தக் கண் வாசற்படி தாண்டி, கூடம் தாண்டி, நேராக அப்பாவின் நாற்காலியில் நின்றது. நான் செல்லாயி வீட்டுக்கு ஓடினேன். “நாங்க யாரும் தொடல தங்கச்சி, எம்புருஷன் மேல சத்தியம்” என்றாள். அதுவரை அந்தக் கண் அவள் வாசலைத்தான் பார்த்திருந்தது, அங்கே வந்து தங்கியிருந்த அவள் தம்பிதான் அடுத்து போக வேண்டியவன். திரும்பி வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், விரல் நுனிகள் மறுபடியும் வெள்ளையாக இருந்தன.

“அது யாரையாவது பாத்துத்தான ஆவணும்? நா வெச்ச கண்ணு. என்னப் பாக்கட்டும்” என்றார். நான் அழத் தொடங்கியதும் அவருக்குக் கூச்சம் வந்து வேறு கதை சொன்னார். “சும்மா அழாத. சுண்ணாம்பு பூசுறதுக்கு முன்னாடியே நா அளந்து பாத்துட்டேன். சயாம் இங்கேருந்து போறதவிட நாகப்பட்டினத்துக்கு அர வெரலு கிட்ட. ரயிலு பர்மாவுக்குப் போவுது. பர்மாவுல எறங்கிக் கரையப் புடிச்சு நடந்தா எங்க போயி நிப்பேன், சொல்லு?”

கங்காணி வந்து, கண்ணைப் பார்த்து, “என்ன கிராணியாரே, நீங்களா?” என்று தலையைச் சொறிந்தார். ஜப்பான் அதிகாரிக்குக் கணக்கு எழுதத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்ததாம். நாளைக் காலை லோரி. போனவர்கள் யாரிடமிருந்தும் இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை, பெரியப்பா. அப்பா அரை விரல் கணக்கை நம்புகிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் சட்டை மடிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர் அங்கே வந்து சேர்ந்தால், சந்துப் பக்கம்தான் வந்து நிற்பார். கதவைத் தட்டவும் மாட்டார். தாங்கள் சுற்றிக்கொண்டு போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, கடலைப் பார்த்த தலைவாசல் வழியாக உள்ளே விடுங்கள். உட்கார ஏதாவது போடுங்கள், எந்தப் பக்கம் பார்த்துப் போட்டாலும் பரவாயில்லை. அவர் பேசாவிட்டால் தாங்கள் பேசுங்கள். தாங்களும் அவரைப் போலவே என்றால் பெரியம்மா பேசட்டும்.

தங்கள் இல்லத்தில் விளக்கு அணையாதிருக்கவும், தெருவில் வாகனச் சத்தம் கேட்டால் யாரும் பயப்படாதிருக்கவும், குழந்தைகள் வாசலில் நின்று விளையாடவும் எங்கள் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அண்ணன்மார், அக்காமார் இருந்தால் அவர்களுக்கு முகம் தெரியாத தங்கையின் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்
நவமணி

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாவற்றையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கள் தலைவாசலைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. யாரும் வரவில்லை.

இன்று காலை லோரி வந்தது. அப்பா மூட்டையோடு, தைத்த சட்டையோடு வாசலில் நின்றார். கங்காணி மேட்டில் ஏறி வந்து, முறைப்படி மேலே பார்த்தார். கண் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. இரண்டு லய வரிசைகளுக்கும் நடுவே, ஒரு வாசலையும் தொடாமல், நேராகக் கடைசியில் இருந்த தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல நாளைக்குப் பிறகு லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, எல்லா வாசலிலும் ஆட்கள். கங்காணியின் கை பூதத்தை நோக்கி மேலே போயிற்று, அத்தனை பேரும் பார்ப்பதைக் கண்டு பாதியில் நின்றது.

“கயிறு ஈரத்துல முறுக்கிக்கும்னு ஒங்க மக சொல்லுச்சே கிராணியாரே?”

“மழை பேயலையே பழனியப்பன்” என்றார் அப்பா.

“கண்ணு பாத்துட்டா பாத்ததுதான் அண்ணே” என்றாள் செல்லாயி, படிக்கட்டின் கீழிருந்து. “நீங்கதான சொன்னீங்க?”

லோரியோடு வந்த சிப்பாய்க்கு ஆள் குறையாமல் இருந்தால் போதும், எந்த ஆள் என்பது அவனுக்கு ஒன்றுமில்லை. கங்காணி ஏறிக்கொண்டார். யாரும் அவரைத் தள்ளவில்லை. அவர் நம்பியது அவரை ஏற்றிவிட்டது. லோரி போன பிறகு செல்லாயி என் பக்கம் திரும்பினாள். அவள் உள்ளங்கைகள் இரண்டும் வெள்ளையாக இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து, “மரவள்ளி மாவு தங்கச்சி” என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள். லயத்தில் மாவு தீர்ந்து நாளாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை எழுதாமல் விட்டால் பொய்யாகும். மத்தியானம் கங்காணியின் மனைவி வந்து பூதத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று செல்லாயி நின்ற அதே இடத்தில். சந்தோஷம் அதோடு போயிற்று.

அவள் போனதும் அப்பா பூதத்தை இறக்கினார். இப்போது தடுப்பதற்கு யாரும் இல்லை. வீட்டுப் புறவாசலில் குழி வெட்டினோம். கண் இனிமேல் ஒருவரையும் பார்க்கக் கூடாது என்று முகம் அடியில் போகும்படி உருண்டையைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அந்தப் புள்ளி அடியில் போனால் மேலே வருவது எது என்று தாங்களே சொல்லுங்கள். அப்பா குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரலால் சுண்ணாம்பைத் தேய்த்தார். ஒரு துண்டுக் கரை தெரிந்தது, எழுத்து தெரிந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு தங்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே வெகுநேரம் இருந்தார்.

பிறகு உள்ளே வந்து சட்டையைப் பிரித்து இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தார். “மூணு வெரலுன்னு எழுதியிருக்கே, நாலு இருக்கும்” என்றார். “தலவாசலத் தெறக்கச் சொல்லி நா எப்பக் கேட்டேன்? வெட்டு அத.” நான் வெட்டவில்லை. கொண்டுவர வேண்டியவர் இங்கேயே இருப்பதால் இது தங்களுக்கு வந்து சேரப் போவதில்லை, வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன?

ஜப்பான்காரர்கள் கண்ணில் படுவதற்குள் குழியை மூட வேண்டும் என்று மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கினார், உள்ளே பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அண்ணன் மூஞ்சில மண்ணப் போடச் சொல்றியா?”

ஆகவே, பெரியப்பா, குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. மேலே ஒரு வாழை இலையை மட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.